எங்கள் தண்ணீருக்குக் கூச்ச சுபாவம்

மூத்தவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது இளையவளுக்குக் குரல் செய்தி அனுப்புவாள். காலை ஏழே முக்காலுக்கு வரும். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. எதிர்வீட்டு நாய் நாலு குட்டி போட்டது, அத்தான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தது, எட்டாம் வகுப்பில் ஒருத்தி காந்தத்தை விழுங்கிவிட்டதாகப் புளுகியது, இப்படி ஏதாவது. மூச்சு வாங்க வாங்கப் பேசுவாள். நடுவில் எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வாள். கடைசியில், "சரி, பள்ளிக்கூடம் வந்துடுச்சு, வைக்கறேன்" என்பாள், தங்கை கூடவே நடந்து வந்துகொண்டிருந்ததுபோல.

ஆறு வருடம் தவறாமல் வந்த அந்தக் குரல் நின்று எட்டு மாதமாகிறது. நின்றதற்குக் காரணம் இளையவள்தான். அதை அவள் தன்னிடம் ஒருநாளும் மறைத்துக்கொண்டதில்லை. அவள் வேலை பார்க்கிற அலுவலகத்தில்தான் யாருக்கும் தெரியாது.

அவள் நகரத்தின் குடிநீர் அலுவலகத்தில் மக்கள் தொடர்பு அலுவலர். மூன்றாம் மாடியில் இரண்டு சிறிய அறைகள், ஓட்டை மின்விசிறி ஒன்று, சன்னலைத் திறந்தால் பின்பக்கத்து நீர்த்தொட்டியின் சுவர். அங்கே உட்கார்ந்துதான் அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கத்தை அவள் நடத்தினாள். அவள் பொறுப்பேற்றபோது அந்தப் பக்கத்தை மூவாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் அலுவலக ஊழியர்கள். நான்கு வருடத்தில் அது நான்கு லட்சத்தைத் தாண்டியது. எல்லாம் அவள் வாய்த்துடுக்குதான். யாராவது திட்டி எழுதினால் சிரிக்கச் சிரிக்கப் பதில் போடுவாள். "குழாயில் காத்துதான் வருது" என்று ஒருவர் எழுதினால், "வெயில் காலத்துக்கு முன்னேற்பாடாக அனுப்பினோம், அரை மணியில் தண்ணீரும் வரும்" என்பாள். சொன்னபடி தண்ணீரும் வந்துவிடும். மற்ற துறைகளிலிருந்து ஆட்கள் வந்து அவளிடம் தொழில் கற்றுக்கொண்டு போனார்கள். மேலதிகாரி கூட்டங்களில் அவளைக் காட்டிப் பெருமைப்படுவார்.

மூத்தவள் அறிவியல் ஆசிரியை. இளையவளைவிட ஒன்பது வயது பெரியவள். அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் தங்கைக்குத் தலை பின்னிவிட்டது, வீட்டுப்பாடம் எழுதவைத்தது, காய்ச்சலில் நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டது எல்லாம் அவள்தான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். டம்ளரில் தண்ணீர் மொண்டால் குடிக்கிறதுக்கு முன்னால் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்தார். அந்த வீட்டில் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த பேர். அம்மாவும் அப்பாவும் போனபிறகு இரண்டு பேருக்கு.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் மூத்தவள் தன் சமூக ஊடகப் பக்கத்தில் மூன்று படங்கள் போட்டாள். மூன்று காலைகளில் குழாயில் பிடித்த தண்ணீர், மூன்று கண்ணாடிப் போத்தல்களில், அவள் வீட்டுச் சன்னல் கட்டையில். முதல் போத்தலில் லேசான மஞ்சள். மூன்றாவதில் தேநீர் நிறம். கீழே நிதானமாக நான்கு வரி எழுதியிருந்தாள்: எங்கள் தெருவில் இரண்டு வாரமாக இப்படி வருகிறது, புகார் கொடுத்தாயிற்று, பதில் இல்லை, யாராவது வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

மறுநாள் காலைக்குள் அது ஆயிரக்கணக்கில் பகிரப்பட்டிருந்தது. பத்து மணிக்கு மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார். மதியத்துக்குள் ஒரு பதில் போட்டு இதை அடக்க வேண்டும் என்றார். இளையவள் அந்தப் பகுதிப் பொறியாளருக்குத் தொலைபேசினாள். அங்கே ஒரு கோளாறும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். வேறு வேலையில் இருந்தார், அவசரமாக வைத்துவிட்டார்.

இளையவள் அக்காவின் படங்களைத் திரும்பத் திறந்து பார்த்தாள். எழுதப்போவதாகத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அக்கா ஊருக்கே எழுதிவிட்டாளே என்று உள்ளே ஒரு முறுக்கு இருந்தது. அக்காவைக் கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்கிற பழைய குறும்பும் இருந்தது. அக்கா இதைப் படித்ததும் கூப்பிடுவாள், "ஏய் வாயாடி" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் திட்டுவாள், திட்டிக்கொண்டே சிரிப்பாள் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். அலுவலகத்தின் பேரில் எழுதினாள்:

"பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தால் நிலாவில்கூடப் பாசி தெரியும், டீச்சர். எங்கள் தண்ணீருக்குக் கூச்ச சுபாவம். அப்படி முறைத்துப் பார்த்தால் நிறம் மாறத்தான் செய்யும்."

பத்து நிமிடத்தில் எழுதி முடித்த பதில். சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். மேலதிகாரி மாடியேறி வந்து கைகொடுத்தார்.

அக்காவிடமிருந்து அழைப்பு வரவில்லை.

மறுநாள் யாரோ ஒருவர் பள்ளி ஆண்டுவிழாப் படத்திலிருந்து மூத்தவளின் முகத்தை வெட்டி எடுத்து, கண்ணில் சக்கரம் அளவுக்கு இரண்டு கண்ணாடிகளை வரைந்து போட்டார். அதை இன்னொருவர் பாட்டோடு சேர்த்தார். வேறொருவர் அவளுடைய கைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துப் பின்னூட்டத்தில் ஒட்டினார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கூப்பிட்டு, டீச்சர், எங்கள் வீட்டுத் தண்ணீரையும் கொஞ்சம் முறைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சிலர் அதைவிட மோசமாகப் பேசினார்கள். தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு, பள்ளியின் பேர் அடிபடுகிறது, கொஞ்ச நாள் இந்த எழுத்தெல்லாம் வேண்டாமே என்றாராம். மூன்றாம் நாள் மூத்தவள் தன் பக்கத்தையே மூடிவிட்டாள். இளையவளுக்கு ஒரே ஒரு செய்தி வந்தது. குரல் இல்லை, எழுத்துதான்.

"அது நம்ம வீட்டுப் பேரு."

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. இளையவள் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது. பத்தாவது தடவையோ என்னவோ அத்தான் எடுத்தார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். "கொஞ்ச நாள் விடுமா" என்றார். "அவளா வருவா."

அவள் வரவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. இளையவளுக்குக் காலை ஏழே முக்கால் என்பது ஒரு கண்டமாக ஆயிற்று. அந்த நேரத்தில் குளிக்கப் போய்விடுவாள். கைபேசி பக்கத்தில் இல்லாவிட்டால் வராதது தெரியாது அல்லவா. பேருந்தில் போகும்போது பழைய குரல் செய்திகளைக் காதில் வைத்துக் கேட்பாள். நாய் குட்டி போட்டதை முப்பது தடவையாவது கேட்டிருப்பாள். அதில் அக்கா நடுவில் ஒரு இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, யாரோ ஒரு மாணவியிடம், "செருப்பு அறுந்திருக்கே, பார்த்து நட" என்பாள். அந்த இடத்தை மட்டும் இளையவள் திரும்ப ஓட்டிக் கேட்பாள்.

ஒருநாள் மதியம் அலுவலக வேலையாகப் போனவள் கால்போன போக்கில் அக்காவின் பள்ளித் தெருவுக்குப் போய், எதிர்ச் சாரியில் ஒரு எழுதுபொருள் கடை நிழலில் நின்றாள். மணி அடித்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் மூத்தவள் வெளியே வந்தாள். கையில் நோட்டுக் கட்டு. இளைத்திருந்தாள். சாலையைக் கடக்க நின்றபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அது இல்லாமல் பத்தடி தூரத்தில் வருகிற வண்டிகூட அவளுக்கு மங்கல்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பப் பார்த்து, யாரோ ஒரு அம்மாள் கடக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு கடந்தாள். தெருவில் கண்ணாடியோடு நடந்தால் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று பயந்துதான் அப்படிச் செய்கிறாள் என்பது புரிய இளையவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது அக்கா இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தாள். இரண்டு கை தூரத்தில் இருந்தாள். தங்கையின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. கடந்து போனாள்.

இளையவள் கூப்பிடவில்லை. அன்றைக்கு அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, வந்திருந்த நாற்பது புகார்களுக்கும் ஒரு நகைச்சுவையும் இல்லாமல் பதில் எழுதினாள்.

அதற்கு ஒரு மாதம் கழித்துப் பகுதிப் பொறியாளர் மாடியேறி வந்தார். வழக்கமாகத் தொலைபேசியோடு முடித்துக்கொள்கிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டார். சாலை அகலப்படுத்தத் தோண்டினார்களாம். அந்த ஆசிரியை தெருவில் குடிநீர்க் குழாய் பழையது. ஒரு இணைப்பில் விரிசல் விட்டிருக்கிறது. பக்கத்திலேயே சாக்கடை. துருவும் கசிவும் சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. இணைப்பை உடனே மாற்றிவிட்டார்களாம். எத்தனை நாளாக என்று அவள் கேட்டாள். ஒன்பது மாதமாவது இருக்கும் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க அன்னைக்குக் கேட்டப்போ நான் போய்ப் பார்க்காமலே சொன்னேன் மேடம்" என்றார்.

அவள், தானும் போய்ப் பார்க்காமல்தான் எழுதியதாகச் சொன்னாள்.

மேலதிகாரி சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். பராமரிப்புப் பணி நடந்தது, விநியோகம் மேம்படுத்தப்பட்டது என்று இரண்டு வரி போடலாம். பழைய பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்றார். இளையவள் தான் எழுதிக்கொண்டு போயிருந்த தாளை அவர் முன் வைத்தாள். புகார் உண்மை, அதை ஆய்வு செய்யாமல் இந்தப் பக்கம் கேலி செய்தது தவறு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று அதில் இருந்தது.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மன்னிப்புன்னு ஒரு தடவை எழுதிட்டா, நாளைக்கு எல்லாரும் வரிசையில வந்து நிப்பாங்கம்மா."

"நிக்கட்டும் சார். வரிசை அவ்வளவு நீளமா இருந்தா அது அவங்க குத்தமில்லையே."

"பழசை அழிச்சா பிரச்சினை முடிஞ்சுதே."

"அழிச்சா நமக்கு மட்டும்தான் முடியும். அவங்களைப் பார்த்துச் சிரிச்சவங்களுக்கு அது தப்புன்னு யார் சொல்றது?"

அந்த ஆசிரியை வழக்கு போட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். போடமாட்டார்கள் என்றாள். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

"அவங்க என் அக்கா."

மேலதிகாரி கெட்டவர் இல்லை. நாற்பதாயிரம் பகிர்வுக்காகத் தான் கைகொடுத்தது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தாளை அவள் பக்கம் தள்ளி, அவங்க சம்மதத்தை எழுத்தில் வாங்கி வாருங்கள், அப்புறம் போடலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் போனாள். அத்தான் கதவைத் திறந்தார். வா என்று சொல்லவில்லை; வழிவிட்டு நின்றார். சமையலறையில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேடைமேல் மூடிபோட்ட குடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு. கூடத்து மேசையில் மூத்தவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே "உட்காரு" என்றாள்.

எட்டு மாதமாக எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, இளையவள் தாளை நீட்டினாள். மூத்தவள் கையிலிருந்த சிவப்புப் பேனாவோடே அதைப் படித்தாள். மூன்றாவது வரியில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது. கை பழக்கத்தில் அதைச் சுழித்துத் திருத்திவிட்டு மேலே படித்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் எழுதறதுக்கு முன்னாடி உனக்கு மூணு தடவை போன் பண்ணினேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன சொன்னே?"

"புகார் எண் வாங்கிக்கோ, பார்க்கலாம்னு சொன்னேன்."

"வாங்கினேன். அப்புறம்தான் ஊருக்கு எழுதினேன்."

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ சிரிப்பேன்னு நெனச்சேன்க்கா."

"சிரிச்சேன்" என்றாள் மூத்தவள். "படிச்ச உடனே சிரிச்சுட்டேன். இவரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம்தான் கீழே மத்தவங்க எழுதினதைப் படிச்சேன்." பேனாவை மூடினாள். "நீ கேலி பண்ணினதுக்கு எனக்கு வருத்தமில்ல. நீ பொறந்ததுலேருந்து பண்றே. ஆனா அந்தப் பேரை எடுத்து நாலு லட்சம் பேர் கையில கொடுத்துட்டே. இப்போ அது உன்கிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல."

அடுப்பில் தண்ணீர் பொங்குகிற சத்தம் கேட்டது. அத்தான் எழுந்து போய் அணைத்தார்.

இதையெல்லாம்விடத் தனக்குத் தாங்காத ஒன்று இருக்கிறது என்றாள் மூத்தவள். வகுப்பில் யாராவது கேள்வி கேட்டால், மற்றவர்கள் அந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். ஆசிரியையை அல்ல, கேட்ட பிள்ளையை. இப்போது யாரும் கேட்பதேயில்லையாம். "முன்னே ஒரு பாடம் முடிக்க ரெண்டு நாள் ஆகும். இப்போ அரை மணியில முடியுது" என்றாள்.

பிறகு பாடம் நடத்துகிற குரலில், என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். தன் பேரைப் போடக் கூடாது. ஆசிரியை என்றும் போடக் கூடாது. அந்தத் தெருவில் குடியிருப்பவர் என்று போட்டால் போதும். பழைய பதிவில் தன் பேர் தெரிகிற இடத்தை மறைத்துவிட்டு, திருத்தத்தை அதற்குக் கீழேயே சேர்க்க வேண்டும். "உன் மன்னிப்பைவிட எனக்குப் பரிசோதனை முடிவு வேணும். தண்ணியில என்ன இருந்துச்சு, எத்தனை நாள் இருந்துச்சு, குடிச்சவங்க என்ன பண்ணணும். அதை முதல்ல போடு. மன்னிப்பைக் கடைசியில வச்சுக்கோ."

தாளைத் திருப்பி, அடியில் சிவப்பு மையிலேயே கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். அலுவலகத்தில் யாரோ ஒருத்திக்குப் போட்டுக் கொடுப்பதுபோல நீட்டினாள். பிறகு அடுத்த விடைத்தாளை எடுத்தாள். இளையவள் எழுந்து, செருப்பைத் தேவைக்கு மேல் நேரமெடுத்து மாட்டிக்கொண்டு நின்றாள். அத்தான் வாசல்வரை வந்து, பேருந்து கிடைக்குமா என்று விசாரித்தார். அக்கா ஏதாவது சொல்வாள் என்று கூடத்தின் பக்கமே காது இருந்தது. தாள் புரளுகிற ஓசைதான் வந்தது.

திருத்தம் வெளியானது. என்னென்ன கலந்திருந்தது, எந்தெந்த வீடுகள், யார் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் முதலில். கேலி செய்தது தவறு என்பது கடைசியில். அந்தத் தெருவிலிருந்து பதினேழு குடும்பத்தினர் தொலைபேசினார்கள். அவர்கள் வீடுகளுக்குப் பொறியாளரும் சுகாதார ஊழியர்களும் நேரில் போனார்கள். ஆனால் பகிர்ந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். நாற்பதாயிரத்தில் மற்றவர்களுக்கு இது போய்ச் சேரவேயில்லை. வந்த சிலரும், பழைய ஆளை மாற்றிவிட்டீர்களா, சிரிப்பே வரவில்லையே என்று எழுதினார்கள். அதற்கு ஒரு பதில் அவளுக்குப் பளிச்சென்று தோன்றியது. நல்ல பதில். தட்டச்சு செய்து, ஒருமுறை படித்துப் பார்த்து, அழித்தாள்.

அதன்பின் அந்தப் பக்கம் சற்று வறண்டுதான் போயிற்று. போய்ப் பார்க்காத புகாருக்கு அவள் பதில் எழுதுவதில்லை. பார்க்க ஆள் போயிருக்கிறார் என்பதை மட்டும் எழுதுவாள். அலுவலகத்தைக் கேலி செய்து எழுதுவாள், மனிதர்களை அல்ல. பின்தொடர்கிறவர்கள் ஐம்பதாயிரம் பேர் குறைந்தார்கள். மேலதிகாரிக்கு அது உறுத்தியது. ஆனாலும் புதன்கிழமைதோறும் எல்லாத் தெருக்களின் பரிசோதனை எண்களையும் வெளியிட அவரே கையெழுத்திட்டார். மாதம் ஒருமுறை கீழ்த்தளத்துக் கூடத்தில் பொதுமக்கள் நேரில் வந்து கேட்கலாம் என்றும் ஏற்பாடாயிற்று.

முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு இருபது. ஒவ்வொரு தடவையும் இளையவள் வாசல் தெரிகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது கூட்டத்துக்கு மூத்தவள் வந்தாள். நான்காவது வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, எழுந்தாள். கையில் அச்செடுத்த அட்டவணை.

"மேடம், இதுல எங்க தெருவுக்கு ரெண்டு வாரமா எண் இல்ல. ஏன்?"

கூடத்தில் யாருக்கும் அவர்கள் உறவு தெரியாது. இளையவள் எழுந்து நின்றாள். அந்த இரண்டு வாரமும் அங்கே மாதிரி எடுக்கவில்லை என்றும், அது அலுவலகத்தின் தவறு என்றும், இந்த வாரமே எடுத்து முடிவைப் போடுவதாகவும் சொன்னாள். மூத்தவள் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துத் துணிந்ததுபோலப் பின்வரிசையில் ஒரு பெண் கைதூக்கினாள்.

கூட்டம் கலைந்ததும் இளையவள் வாசற்படியில் வேகமாக இறங்கி வெளியே வந்தாள். அக்கா பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றாள். எட்டு மாதமும் அதற்குமேல் சில மாதங்களும் கடந்திருந்தன. வீட்டுக்கு வாயேன் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. காலையில் ஒரே ஒரு வார்த்தை பேசி அனுப்பேன் என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது. எதைக் கேட்டாலும் அக்கா சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அப்படி அவளை நெருக்கக் கூடாது என்று பேசாமல் நின்றாள்.

"அடுத்த கூட்டம் எப்போ?" என்றாள் மூத்தவள், சாலையைப் பார்த்துக்கொண்டே.

"அடுத்த மாசம், முதல் வெள்ளிக்கிழமை."

"வரேன்."

பேருந்து வந்தது. மூத்தவள் ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து, மடியில் பையை வைத்து அதற்குள் எதையோ தேடத் தொடங்கினாள். வண்டி நகரும்வரை நிமிரவில்லை. கூட்டத்துக்குத்தான் வருவதாகச் சொன்னாள், தங்கையைப் பார்க்க அல்ல. அந்த வித்தியாசம் இளையவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பேருந்து முனையில் திரும்பி மறைகிறவரை நின்றுவிட்டு மாடியேறினாள்.

பொறியாளருக்குத் தொலைபேசி, விட்டுப்போன தெருவைச் சொன்னாள். நாளைக்கே ஆளை அனுப்பி மாதிரி எடுத்துவிடுகிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றார். தானும் கூட வருவதாகச் சொல்லி, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். அந்தத் தெருவுக்குப் போக அவளுக்கு இப்போது ஒரு காரணம் இருந்தது.